கல்லூரி மூடியது, சுவடிகள் பிழைத்தன

கொள்ளிடக்கரைக் கவிராயர் வீடுகளில் தொடங்கி, சென்னைக் கல்விச் சங்கத்து நூலகம் வழியாகக் கோட்டூர்புரம் வரை வந்து சேர்ந்த ஏடுகளின் இருநூறு ஆண்டுப் பயணம்

லால்குடிக் கோயில் அம்மனுக்குப் பெருந்திருப்பிராட்டியார் என்று பெயர். ஸ்ரீமதி என்றும் அழைப்பார்கள். அந்த ஊரின் பழைய பெயர் திருத்தவத்துறை, சுவாமி சப்தரிஷீஸ்வரர். இந்தக் கோயிலை இரண்டு பெரியவர்கள் பாடியிருக்கிறார்கள். ஒருவர் திருவையாற்றுத் தியாகராஜர். அவருடைய சீடர் ராமய்யரின் ஊர் இது. இங்கே பிறந்த கீர்த்தனைகளை ‘லால்குடி பஞ்சரத்தினம்’ என்று இன்றும் மேடைகளில் பாடுகிறார்கள். இன்னொருவர் திருச்சிக்குப் பக்கத்து அதவத்தூரில் 1815-இல் பிறந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. இந்த அம்மன்மீது அவர் ஒரு பிள்ளைத்தமிழ் பாடினார்.

இரண்டும் இன்று நம் கையில் இருக்கின்றன. எப்படி? தியாகராஜர் தம் பாடல்களை அச்சுக்குக் கொடுத்தவர் அல்லர். வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர் போன்ற சீடர்கள் பக்திசிரத்தையாக எழுதிவைத்த சுவடிகளும், சீடர் வழி வழியாக வந்த பாடங்களும்தாம் அவற்றைக் காத்தன. பிள்ளையவர்களின் பிள்ளைத்தமிழும் அப்படியே. அவருடைய மாணவர் உ.வே.சாமிநாதையர் ஆசிரியரின் பிரபந்தங்களைத் தேடித் திரட்டி 1910-இல் ‘பிரபந்தத் திரட்டு’ என்று அச்சிட்டார். மாணவர் படியெடுத்தார், பாட்டு பிழைத்தது.

படியெடுக்க மாணவர் வாய்க்காத புலவர்களின் நூல்கள் என்ன ஆயின? காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இருகரையிலும் ஊருக்கொரு கவிராயர், தெருவுக்கொரு வைத்தியர், அக்கிரகாரத்துக்கொரு சாஸ்திரி, மடத்துக்கொரு தம்பிரான் என்று ஏடு வைத்திருந்த நாட்டில், எந்த ஏடு நின்றது, எந்த ஏடு போனது என்பதைத் தீர்மானித்தது எது? இந்தக் கேள்விக்கு நல்ல பதிலைத் தருவது ஒரு கல்லூரி நூலகம். அந்தக் கல்லூரி 1854-இலேயே மூடப்பட்டுவிட்டது. அதன் சுவடிகள் இன்னும் இருக்கின்றன.

ஸ்ரீரங்கத்தில் ஒரு பண்டாரம்

கல்லூரிக்குப் போவதற்கு முன்னால் கோயிலுக்குள் நுழைந்துவிட்டு வருவோம். பழைய தமிழ்நாட்டில் நூலகத்துக்குச் சரஸ்வதி பண்டாரம் என்று பெயர். ஸ்ரீரங்கம் கோயிலில் அப்படி ஒரு பண்டாரம் இருந்தது. நீலகண்ட நாயக்கர் என்பவர் அதற்கு மண்டபம் எடுத்து, ஹயக்ரீவர், சரஸ்வதி, வியாசர் திருவுருவங்களை எழுந்தருளச் செய்ததைக் கல்வெட்டு சொல்கிறது. சிதம்பரம் கோயிலிலும் சரஸ்வதி பண்டாரம் இருந்தது. அங்கே ஏடுகளைப் படியெடுத்து ஒப்புநோக்குபவர்களுக்கு நிவந்தம் விட்ட செய்தியும் கல்வெட்டில் வருகிறது. பூட்டி வைக்க ஒரு அறை போதாது, படியெடுக்கச் சம்பளம் கொடுத்து ஆளும் வைக்கவேண்டும் என்று அந்தக் காலத்தாருக்குத் தெரிந்திருக்கிறது.

ஸ்ரீரங்கத்து வைணவர் இன்றும் சொல்லும் ஒரு வரலாறு உண்டு. 14-ஆம் நூற்றாண்டில் டில்லிப் படை ஸ்ரீரங்கத்தைச் சூறையாடியபோது, ராமாநுஜரின் ஸ்ரீபாஷ்யத்துக்குச் சுதர்சன சூரி எழுதிய ‘சுருதப்பிரகாசிகை’ என்ற விரிவுரையின் சுவடி அழியும் நிலையில் இருந்தது. வேதாந்த தேசிகர் அந்தச் சுவடியையும் ஆசிரியரின் இரண்டு பிள்ளைகளையும் காத்து, பிணங்களுக்கு நடுவே படுத்திருந்து தப்பி, மேற்கே கன்னட நாட்டுப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்தார் என்பது குருபரம்பரை மரபு. ஒரு விரிவுரையின் ஒரே சுவடி ஒரே ஊரில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை வேண்டாம்.

பரதேசியின் கையில் தண்டியலங்காரம்

படையெடுப்பு வந்துதான் ஏடு போகவேண்டும் என்பதில்லை. ஒருவர் கையிலேயே இருந்துவிட்டாலும் போகும். மீனாட்சிசுந்தரம் பிள்ளை இளமையில் திருச்சிராப்பள்ளியில் தண்டியலங்காரம் பாடம் கேட்க ஆளில்லாமல் தவித்தார். அந்த அணியிலக்கண நூலில் பயிற்சியுள்ள ஒரே ஆள், ஊரில் பிச்சையெடுத்துத் திரிந்த ஒரு பரதேசி. அவருக்கு வேண்டிய கஞ்சாவை வாங்கிக் கொடுத்து, உடன் அலைந்து, உபசரித்து, பிள்ளையவர்கள் பாடம் கேட்டார் என்று உ.வே.சா. தம் ஆசிரியரின் சரித்திரத்தில் எழுதியிருக்கிறார்.

சிரிப்பாக இருக்கிறது அல்லவா? அந்தக் காலத்துத் தமிழ்க் கல்வியின் நிலை அதுதான். நூல் எங்கே இருக்கிறது, யாரிடம் இருக்கிறது, கேட்டால் காட்டுவாரா, காட்டினாலும் படியெடுக்க விடுவாரா என்பதை விசாரித்து அறிவதே பாதிப் படிப்பு. பல வீடுகளில் ஏடு பூஜைப் பொருள். சரஸ்வதி பூஜையன்று சந்தனம் குங்குமம் வைத்து எடுத்து மூடிவிடுவார்கள். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகளை ஆகமப்படி நெய்யில் தோய்த்து ஓமத்தில் இட்டுவிட்டதாகச் சொன்ன பதிலைக் கேட்டு உ.வே.சா. நொந்துபோன செய்தி எல்லாரும் அறிந்தது. ஆடிப் பெருக்கில் ஏட்டை ஆற்றோடு விட்ட குடும்பங்களும் உண்டு. வெறுப்பினால் யாரும் இதைச் செய்யவில்லை. படிக்கத் தெரியாத பொருளை மரியாதையாக வழியனுப்ப அவர்களுக்குத் தெரிந்த வழி அது.

கல்லூரிச் சாலைக்குப் பெயர் தந்த கல்லூரி

சென்னை நுங்கம்பாக்கத்துக் கல்லூரிச் சாலையில் போகிறவர்கள், அந்தப் பெயர் எந்தக் கல்லூரியால் வந்தது என்று யோசித்திருப்பார்களா? 1812-இல் தொடங்கிய புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிதான் அது. தமிழ்ப் புலவர்கள் இதைச் சென்னைக் கல்விச் சங்கம் என்று அழைத்தார்கள். சீமையிலிருந்து வந்து இறங்கும் கிழக்கிந்தியக் கம்பெனியின் இளம் உத்தியோகஸ்தர்களுக்குத் தமிழ், தெலுங்கு முதலிய மொழிகளைக் கற்பித்துத் தேர்வு வைப்பது இதன் வேலை. முன்னின்று அமைத்தவர் பிரான்சிஸ் ஒயிட் எல்லிஸ். நம் புலவர்கள் வாயில் எல்லீசன். திருக்குறளில் ஊறியவர். தென்னிந்திய மொழிகள் சம்ஸ்கிருதத்தில் பிறந்தவை அல்ல, தனிக் குடும்பம் என்று கால்டுவெல்லுக்கு நாற்பது ஆண்டு முன்பே, 1816-இல், அச்சில் எழுதியவர்.

கல்லூரியில் மூன்று உறுப்புகள் ஒன்றையொன்று தாங்கி நின்றன: பாடம் சொல்லும் புலவர்கள், ஏடு சேர்க்கும் நூலகம், நூல் போடும் அச்சகம். இந்தியர்கள் தடையின்றி அச்சகம் நடத்த 1835 வரை காத்திருக்கவேண்டியிருந்த காலம் அது. தாண்டவராய முதலியார் போன்ற புலவர்கள் இங்கேதான் தமிழ் ஏடுகளைப் பரிசோதித்து அச்சேற்றக் கற்றார்கள். அவருடைய ‘பஞ்சதந்திரம்’ 1826-இல் வந்தது. பின்னாளில் ஆறுமுக நாவலர், சி.வை.தாமோதரம் பிள்ளை, உ.வே.சா. ஆகியோர் பெரிய அளவில் செய்த பதிப்புப் பணிக்கு முன்னோட்டம் இங்கே நடந்தது.

இந்தக் கல்லூரி நூலகத்துக்கும் கொள்ளிடக்கரைக்கும் நேரான ஒரு தொடர்பு உண்டு. லால்குடிக்குக் கிழக்கே, அதே வடகரையில், ஆற்றோட்டத்தின் வழியே போனால் வருவது ஏலாக்குறிச்சி. திருக்காவலூர் என்று வீரமாமுனிவர் பாடிய ஊர். கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி என்ற அந்த இத்தாலியர் ‘தேம்பாவணி’ பாடியதும், பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதியாகச் ‘சதுரகராதி’ தொகுத்ததும், ‘தொன்னூல் விளக்கம்’ செய்ததும் 1726 முதல் 1732 வரையான சில ஆண்டுகளுக்குள். எல்லாம் ஏட்டிலும் காகிதத்திலும் கையெழுத்தாக இருந்தவை. அவர் காலத்துக்குப் பிறகு தெற்கே பல ஊர்களில் சிதறிக் கிடந்தன.

1816-இல் எல்லிஸ், கல்லூரியைச் சேர்ந்த முத்துசாமிப் பிள்ளையை வீரமாமுனிவர் நூல்களைத் தேடித் திரட்டும்படி தென்னாட்டுக்கு அனுப்பினார். புதுச்சேரிக்காரரான முத்துசாமிப் பிள்ளை ஊர் ஊராகப் போய்க் கிடைத்ததைத் திரட்டினார். கேட்டதையும் கண்டதையும் வைத்து 1822-இல் வீரமாமுனிவர் சரித்திரத்தையும் எழுதினார். அதே 1822-இல் முனிவரின் செந்தமிழ் இலக்கணம் பாபிங்டனின் ஆங்கில மொழிபெயர்ப்பில் கல்லூரி அச்சகத்தில் வெளிவந்தது. 1824-இல் சதுரகராதி முழுவதும் அச்சாயிற்று. ஏறத்தாழ நூறு ஆண்டு கையெழுத்தில் கிடந்த அகராதி, கல்லூரிக்குள் வந்த சில ஆண்டுகளில் அச்சு நூலாயிற்று. தேடியவர், வைத்த இடம், பரிசோதித்த புலவர், அச்சிட்ட எந்திரம் நான்கும் ஒரே கூரையின்கீழ் இருந்ததால் நடந்த காரியம் இது.

சமையல்காரன் எரித்த சுவடி

இத்தனையும் செய்த எல்லிஸின் சொந்தக் கையெழுத்துகளுக்கு என்ன நேர்ந்தது? நாற்பது வயது வரை படிப்பது, அதற்குப் பிறகே எழுதி வெளியிடுவது என்று அவர் வைத்துக்கொண்டிருந்தார். 1819 மார்ச்சில் ராமநாதபுரத்தில், தவறுதலாக விஷப் பொருள் உட்கொண்டு இறந்தார். வயது நாற்பத்தொன்று. மதுரைக் கலெக்டர் வீட்டில் விட்டுவைத்திருந்த அவருடைய தாள்கள், அந்த வீட்டுச் சமையல்காரனுக்குப் பல மாதம் அடுப்பு மூட்டவும் கோழி வாட்டவும் பயன்பட்டன என்று சர் வால்டர் எலியட் பின்னாளில் எழுதிவைத்தார். திருக்குறள் உரையில் அச்சான பகுதி தப்பியது. சில தாள்கள் கைமாறிக் கைமாறி ஆக்ஸ்போர்டு போட்லியன் நூலகம் போன்ற இடங்களுக்குப் போயின. குறள் உரையை ரா.பி.சேதுப்பிள்ளை பதிப்பித்துச் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது 1955-இல்.

ஊரார் ஏட்டையெல்லாம் காக்க ஏற்பாடு செய்தவரின் தாள்கள் அடுப்புக்குப் போனதில் விதியின் விளையாட்டைத் தேட வேண்டாம். காரணம் எளியது. அவை நூலகத்துக்குள் வரவில்லை, எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. பட்டியலில் இல்லாத தாளைச் சமையல்காரன் பழைய காகிதம் என்றுதான் பார்ப்பான்.

மூன்று சேகரங்கள்

கல்லூரிச் சேகரத்தை வளப்படுத்தியவை மூன்று பெரிய வரத்துகள்.

முதலாவது காலின் மெக்கன்சியுடையது. ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் பிறந்து, இந்தியாவின் முதல் தலைமை நில அளவையராக ஆனவர். நிலத்தை அளக்கப் போன இடமெல்லாம் கதை, கல்வெட்டு, காசு, வம்சாவளி என்று எதையும் விடவில்லை. தென்னாட்டு மொழி எதிலும் அவருக்குப் புலமை கிடையாது. காவலி வேங்கட போரய்யா, அவர் 1803-இல் இறந்தபின் தம்பி லட்சுமய்யா, இவர்களின்கீழ் ஊர் ஊராகப் போன குமாஸ்தாக்கள்தாம் அந்தச் சேகரத்தின் கண்ணும் காதும். மெக்கன்சி 1821-இல் இறந்தபின், கம்பெனி அவர் மனைவிக்கு ஒரு லட்ச ரூபாய் கொடுத்துச் சேகரத்தை வாங்கியது. எச்.எச்.வில்சன் 1828-இல் வெளியிட்ட பட்டியலின் கணக்குப்படி இலக்கியச் சுவடிகள் 1,568, ஊர் வரலாறுகள் 2,070, கல்வெட்டுப் படிகள் 8,076, காசுகள் 6,218. சேகரம் மூன்றாகப் பிரிந்தது. ஒரு பகுதி லண்டனுக்குப் போனது, ஒரு பகுதி கல்கத்தாவில் நின்றது, தென்னாட்டு மொழிகளில் இருந்தவை சென்னைக்குத் திரும்பின.

இரண்டாவது ஜான் லெய்டனுடையது. கவிஞர், மருத்துவர், மொழிப் பித்தர். சென்னை மாகாணத்தில் இருந்த சில ஆண்டுகளில் சுவடி சேர்த்தார். 1811-இல் ஜாவாப் படையெடுப்போடு பதேவியா போனவர், காற்றே புகாத ஒரு பழைய நூலகத்தில் கீழ்த்திசைச் சுவடிகள் இருப்பதாகக் கேள்விப்பட்டு உள்ளே புகுந்தார். காய்ச்சலோடு வெளியே வந்து சில நாட்களில் இறந்தார் என்று நண்பர்கள் எழுதினார்கள். அப்போது முப்பத்தாறு வயதுகூட நிறையவில்லை. அவர் சேர்த்த தென்னாட்டுச் சுவடிகள் லண்டனில் கம்பெனி மாளிகையில் படிப்பாரற்றுக் கிடந்தன.

மூன்றாவது சார்லஸ் பிலிப் பிரௌனுடையது. தெலுங்கு நாடு இன்றும் நன்றியோடு நினைக்கும் அகராதிக்காரர். சொந்தக் காசில் பண்டிதர்களை வைத்து ஏடுகளைத் திரட்டி, ஒப்புநோக்கிப் படியெடுத்தவர். லண்டனில் லெய்டன் சுவடிகளைக் கண்டவரும் இவரே. ஊருக்குள் இருந்தால்தான் இவற்றைப் படிக்க ஆள் கிடைக்கும் என்று வாதாடி, அவற்றைச் சென்னைக்கு வரவழைத்தார். தாம் சேர்த்தவற்றையும் 1845-இல் பொது உடைமையாகக் கொடுத்துவிட்டார். சீமைக்குப் போன இந்தியப் பொருள் இந்தியாவுக்குத் திரும்பி வந்தது அபூர்வம். அந்த அபூர்வம் இந்தச் சேகரத்தில் நடந்திருக்கிறது.

இப்படிச் சேர்ந்தவற்றின் வகைகளைப் பாருங்கள். காவியம், இலக்கணம், நிகண்டு ஒரு பக்கம். வைத்தியம், சோதிடம், மந்திரம், சிற்பம், கணக்கு இன்னொரு பக்கம். தலபுராணங்கள், பாளையப்பட்டுக்களின் வம்சாவளிகள், ஊர் விவரம் சொல்லும் கைபீதுகள், கொங்குதேச ராசாக்கள் வரலாறு, நாட்டுப்புறக் கதைப்பாடல்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், மராத்தி ஆகிய மொழிகள். சம்ஸ்கிருதத்துக்குக் கிரந்தம் முதலிய எழுத்துகள். புலவர் வீட்டு அலமாரியில் காவியம் இருக்கும், கணக்கப்பிள்ளையின் ஊர்க் கைபீது இருக்காது. இங்கே இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. தென்னாட்டு வரலாறு எழுதுகிறவர்கள் இன்றும் இந்தச் சேகரத்தைத் தேடி வருவதற்குக் காரணம் இந்தக் கலப்புத்தான்.

பூச்சியோடு ஒரு பந்தயம்

சேர்ந்த பிறகுதான் தொல்லை. மெக்கன்சியின் குமாஸ்தாக்கள் எழுதிய காகிதங்கள் 1830-களிலேயே பொடியத் தொடங்கிவிட்டன. வேலையைத் தொடர அனுமதி தரும்படி லட்சுமய்யா விண்ணப்பித்தார். சேகரத்தின் ஒவ்வொரு கட்டும் எங்கிருந்து வந்தது என்று அவரைவிட அறிந்தவர் யாருமில்லை. ஆனாலும் இந்தியர் ஒருவரிடம் தலைமைப் பொறுப்பைத் தர, விண்ணப்பத்தைப் பரிசீலித்த குழுவுக்கு மனம் வரவில்லை. பொறுப்பு வில்லியம் டெய்லர் என்ற பாதிரியாரிடம் போனது. இந்த அநியாயத்தைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. சேகரம் மெக்கன்சி பெயரில் இருக்கிறது; உழைப்பு காவலி சகோதரர்களுடையது.

டெய்லரின் தீர்ப்புகள் தவறுகள் மலிந்தவை என்று பின்வந்த ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அவர் செய்த இரண்டு காரியங்களுக்குத் தமிழர் நன்றி சொல்லவேண்டும். சிதைந்துகொண்டிருந்த காகிதங்களைப் புதுக் காகிதத்தில் படியெடுக்கச் செய்தார். கல்லூரிச் சேகரம் முழுவதற்கும் விளக்கப் பட்டியல் எழுதினார். 1857, 1860, 1862 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக அது வந்தது. பட்டியலின் தலைப்பிலேயே ‘முன்னாள் கல்லூரி’ என்று போட்டிருந்தது. ஏனென்றால் கல்லூரியைக் கம்பெனி 1854-இல் மூடிவிட்டது. நிறுவனம் போய்விட்டது, அதன் நூலகத்துக்குப் பட்டியல் வந்துகொண்டிருந்தது!

அந்தப் பட்டியல்தான் சுவடிகளைக் காத்தது என்பேன். அதற்கு முன்னரே கல்லூரிக்கும் சென்னை இலக்கியச் சங்கத்துக்கும் இடையே சேகரம் அலைந்திருந்தது. கல்லூரி மூடிய பின் கேட்பாரற்ற மூட்டையாக ஆகியிருக்கவேண்டியது. இன்ன இன்ன நூல் இருக்கிறது என்று அச்சில் வந்துவிட்டபடியால், இல்லை என்று யாரும் கைவிரிக்க முடியவில்லை. 1869-இல் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் பிறந்தது. மாநிலக் கல்லூரியின் சம்ஸ்கிருதப் பேராசிரியர் அதன் பொறுப்பாளர் ஆனார். ஒரு கல்லூரி விட்டதை இன்னொரு கல்லூரி ஏந்திக்கொண்டது.

அந்தப் பேராசிரியர் வரிசையில் வந்த மு.ரங்காசாரியாரும், அவருக்குப் பின் குப்புசாமி சாஸ்திரியும் சேகரத்தைப் பன்மடங்கு பெருக்கினார்கள். பண்டிதர்கள் ஊர் ஊராக அனுப்பப்பட்டார்கள். விலைக்குக் கிடைத்ததை வாங்கினார்கள், கிடைக்காததைப் படியெடுத்தார்கள். மூன்றாண்டுக்கு ஒருமுறை, புதிதாக வந்தவற்றின் பட்டியல் அச்சில் வந்தது. சம்ஸ்கிருதச் சுவடிகள் எங்கெங்கே உள்ளன என்று உலகம் முழுவதற்கும் ஒரே பட்டியல் போடும் பெருந்திட்டம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1935-இல் தொடங்கியதும் குப்புசாமி சாஸ்திரியின் முயற்சியால்தான். வே.ராகவன் அதைத் தோளில் தாங்கினார்.

இரண்டாம் உலகப் போரின்போது திருப்பதிக்குப் போய்த் திரும்பி, சேப்பாக்கத்துப் பல்கலைக்கழக வளாகத்தில் நெடுங்காலம் இருந்து, இன்று அந்த நூலகம் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்தில் இருக்கிறது. ஓலைச்சுவடிகள் சுமார் 50,000. காகிதச் சுவடிகள் சுமார் 22,000. முத்துசாமிப் பிள்ளையும் காவலி சகோதரர்களும் தொடங்கிவைத்த தேட்டத்தின் இன்றைய கணக்கு இது.

ஏட்டுக்கு ஆயுள் எவ்வளவு?

நம் வெயிலுக்கும் ஈரத்துக்கும் ஒரு பனையோலைச் சுவடி இருநூறு, முந்நூறு ஆண்டு தாங்கினாலே பெரிது. ஓலையை வேகவைத்து, உலர்த்தி, தேய்த்து வழவழப்பாக்கி, துளையிட்டு, எழுத்தாணியால் கீறி, கீறலில் விளக்குக் கரியும் இலைச் சாறும் கலந்த மை தடவித் துடைத்து, மேலும் கீழும் சட்டம் வைத்துக் கயிற்றால் கட்டினால் ஒரு சுவடி. அதற்குப் பகை மூன்று: ராமபாணப் பூச்சி, ஈரம், எடுத்துப் பார்க்காமல் விடுவது. வசம்பும் வேப்பிலையும் வைத்தார்கள். இன்றைய நூலகங்கள் எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவி ஓலைக்கு நெகிழ்வு கொடுக்கின்றன. எதுவும் நிரந்தரமல்ல. தலைமுறைக்கு ஒருமுறையாவது யாராவது படியெடுத்தபடியால்தான் சங்க நூல்கள் நம் காலம் வரை வந்தன. இரண்டாயிரம் ஆண்டுப் பாட்டு நம்மிடம் இருக்கிறது, இரண்டாயிரம் ஆண்டு ஏடு எதுவும் நம்மிடம் இல்லை.

படியெடுப்பதிலும் இடர் உண்டு. பழைய ஏட்டில் மெய்க்குப் புள்ளி இராது. எகரமும் ஏகாரமும் ஒன்றாக இருக்கும். ரகரத்துக்கும் காலுக்கும் வேற்றுமை தெரியாது. பாட்டும் உரையும் இடைவெளியின்றி ஓடும். எழுதியவரின் கைப்பழக்கம் அறிந்த ஒருவர் உட்கார்ந்து வாசித்தால்தான் நூல் வெளிப்படும். ஏடு இருந்தும் வாசிப்பவர் இல்லையென்றால் அது பூட்டிய பெட்டிதான்.

அச்சு நூல் மட்டும் சிரஞ்சீவியா என்றால், அதுவும் இல்லை. தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் ‘தம்பிரான் வணக்கம்’. 1578-இல் கொல்லத்தில் அச்சான பதினாறு பக்கச் சிறு நூல். அதன் அறியப்பட்ட ஒரே படி அமெரிக்காவில் ஹார்வர்டு கல்லூரி நூலகத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. 1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது போன ஏறத்தாழ 97,000 நூல்களில், வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் பழைய அச்சு நூல்களும் இருந்தன. இருந்த இடம் நல்ல கட்டடம்தான், நன்றாகவே பேணினார்கள். இன்னொரு ஊரில் படி இல்லை. ஒரே இரவில் எல்லாம் முடிந்தது.

திருச்சியின் அலமாரிகள்

திருச்சி வட்டாரம் இந்தக் கதையில் ஏடு கொடுத்த ஊர் மட்டுமில்லை, நூல் அச்சிட்ட ஊரும்தான். ஸ்ரீரங்கம் வாணிவிலாஸ் அச்சகம் 1910-இல் ஆதிசங்கரரின் நூல்கள் முழுவதையும் இருபது தொகுதிகளாக அச்சிட்டது. சம்ஸ்கிருத அச்சுக்கு இந்தியா முழுவதும் அதைச் சான்றாகக் காட்டுவார்கள். நாகப்பட்டினத்தில் 1844-இல் தொடங்கி 1883-இல் திருச்சிக்கு இடம் பெயர்ந்த புனித வளனார் கல்லூரியைச் சார்ந்த ஏசு சபையாரின் தொழிற்பள்ளி அச்சகத்தில், பெஸ் பாதிரியார் எழுதிய வீரமாமுனிவர் வரலாறு 1918-இல் வந்தது. முத்துசாமிப் பிள்ளை தொடங்கிய வேலையை அவர் திருச்சியில் இருந்து தொடர்ந்தார் எனலாம். 1919-இல் கல்லூரியான தேசியக் கல்லூரி, ஆங்கிலத் திருச்சபை வழிவந்த பிஷப் ஹீபர் கல்லூரி, 1951-இல் பிறந்த ஜமால் முகமது கல்லூரி என்று நூலகத்துக்குப் பேர்போன கல்லூரிகள் இந்த ஊரில் வரிசையாக இருக்கின்றன.

நூறாண்டு கண்ட எந்தக் கல்லூரி நூலகத்திலும் பொதுவாக ஒரு பின்னறை இருக்கும். ஓய்வுபெற்ற பேராசிரியரின் குடும்பம் தந்த புத்தகங்கள், பழைய பாட நூல்கள், நின்றுபோன பத்திரிகைகளின் கட்டுகள், சில வேளை ஒரு ஓலைக்கட்டு. தேர்வுக்கு உதவாத நூலுக்குத் தாங்கியில் இடம் ஏன் என்று நிர்வாகம் கேட்கும் காலம் இது. கணினி அறைக்கு இடம் வேண்டும் என்று முதலில் காலியாவது அந்தப் பின்னறை. என்ன இருந்தது என்ற பட்டியல் இருந்தால், எதைக் கழிக்கிறோம் என்றாவது தெரியும்.

இப்போது அரசுகளும் அசைந்திருக்கின்றன. தேசியச் சுவடிகள் இயக்கம் 2003-இல் தொடங்கியது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட சுவடிகளை ஆவணப்படுத்துவதாக ‘ஞான பாரதம்’ திட்டத்தை மத்திய அரசு 2025 பட்ஜெட்டில் அறிவித்தது. கோயில்களில் கிடக்கும் ஏடுகளைத் தேடிச் செப்பனிடும் பணியை நம் மாநில அறநிலையத் துறை எடுத்திருக்கிறது. புதுச்சேரியின் சைவச் சுவடிகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் ஏறின. எல்லாம் நல்ல செய்தி. ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்லத் தோன்றுகிறது. படம் பிடிப்பதே முடிவான வேலை என்ற எண்ணம் பரவியிருக்கிறது. எந்த நூல், யார் இயற்றியது, யார் எழுதியது, எந்த ஊரில் கிடைத்தது, முதலும் முடிவும் உண்டா என்ற குறிப்பு இல்லாமல் லட்சம் ஏட்டைப் படம் பிடித்துக் கணினியில் கொட்டினால், பழைய பரணுக்குப் பதில் புதிய பரண். லட்சுமய்யா வேண்டியதும் டெய்லர் தட்டுத்தடுமாறிச் செய்ததும் அந்தக் குறிப்பு எழுதும் வேலையைத்தான். அதற்கு ஏடு வாசிக்கத் தெரிந்தவர் வேண்டும். தமிழ் முதுகலை மாணவர்களில் எத்தனை பேருக்குப் புள்ளியில்லாத ஏட்டை வாசிக்கப் பயிற்சி கொடுக்கிறோம்?

வீட்டில் ஏடு இருந்தால்...

* தண்ணீர், சோப்பு, சமையல் எண்ணெய் எதையும் தடவாதீர்கள்.
* ஒட்டிக்கொண்ட ஏடுகளைப் பிரித்து இழுக்காதீர்கள். கட்டைக் கட்டாகவே விடுங்கள். கயிறு அற்றிருந்தால் வரிசை கலையாமல் பருத்தித் துணியில் சுற்றுங்கள்.
* ஈரமில்லாத, காற்றாடும் இடத்தில், தரையில் படாமல் வையுங்கள்.
* முதல் ஏடு, கடைசி ஏடு, மேல் சட்டம் ஆகியவற்றைப் படம் எடுங்கள். நூலின் பெயரும் எழுதியவர் பெயரும் ஆண்டும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.
* யாருடைய ஏடு, அவர் என்ன தொழில் செய்தார், எந்த ஊரிலிருந்து வந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதிவையுங்கள்.
* அலங்காரப் பொருள் வியாபாரிகளிடம் தனித்தனி ஏடாக விற்காதீர்கள். பிரிந்த ஏடு மறுபடி சேராது.
* தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்து ஓலைச்சுவடித் துறை, தஞ்சை சரஸ்வதி மகால் நூலகம், சென்னை உ.வே.சாமிநாதையர் நூலகம், அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் ஆகியவற்றை அணுகலாம். கொடுக்க மனமில்லையென்றால் படியெடுத்துக்கொள்ள மட்டுமாவது இசையலாம்.

செய்யவேண்டியது இவ்வளவுதான்

புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி நாற்பத்திரண்டு ஆண்டு நடந்தது. அதன் மாணவர்களான துரைமார்களை யாரும் நினைப்பதில்லை. அது எழுதிவைத்த பட்டியலும் எடுத்துவைத்த படியும் இன்றும் வேலை செய்கின்றன. ஒரு கல்லூரி தன் பேரைக் காலத்தில் நிறுத்த இதைவிடச் செலவு குறைந்த வழி இல்லை.

திருச்சிக் கல்லூரிகள் ஒன்றுகூடி, 1900-க்கு முன் அச்சான நூல்களுக்கும் கைவசமுள்ள சுவடிகளுக்கும் ஒரே பொதுப் பட்டியல் போடலாம். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் முகாமுக்குப் போகும் லால்குடி வட்டத்து ஊர்களில் மரம் நடுவதோடு, வீடு வீடாக ஏடு விசாரித்துக் குறிப்பு எடுக்கலாம். தமிழ்த் துறைகள் ஆண்டுக்கு ஒரு மாதமாவது சுவடி வாசிப்புப் பயிற்சி நடத்தலாம். எதற்கும் பெரிய நிதி தேவையில்லை, ஒரு பேரேடும் உட்கார்ந்து எழுத ஆளும் போதும். இந்த வாரம் உங்கள் வீட்டுப் பரணை ஒருமுறை பாருங்கள். ஓலைக்கட்டு ஏதும் கண்ணில் பட்டால், அடுத்த ஆடிப் பெருக்குக்கு முன் அதன் பெயரை ஒரு பட்டியலில் ஏற்றிவிடுங்கள்.